ஓபிடியில் நூறு ரூபாய்: கட்டணம் வாங்கினால் மருந்து வந்துவிடுமா? (ஒரு விவாதம். ஒவ்வொரு பதிவுக்கும் மேலே இருப்பது எழுதியவரின் புனைபெயர்.)

கல்மடு

இலங்கையில் 1951இலிருந்து அரச வைத்தியசாலை இலவசம் என்று சொல்லி வருகிறோம். இன்றைய நடைமுறை என்ன? கிளினிக்கில் டொக்டர் ஐந்து மருந்து எழுதுகிறார். மருந்து கொடுக்கும் யன்னலில் மூன்றுதான் கிடைக்கும். மற்ற இரண்டுக்கும் ஒரு துண்டு, "வெளியில வாங்குங்கோ" என்ற ஒரு சொல். அதுவும் கட்டணம்தான், பற்றுச்சீட்டு மட்டும் இல்லை. வருத்தம் கூடினவருக்குத்தான் அது கூடவும் வருகிறது.

ஐ.எம்.எஃப். (சர்வதேச நாணய நிதியம்) திட்டம் 2023 மார்ச்சில் தொடங்கியது: 48 மாதம், சுமார் 300 கோடி டொலர். 2025இலிருந்து வட்டி நீங்கலான மிகை மொத்த உள்நாட்டு உற்பத்தியில் 2.3 வீதமாக இருக்க வேண்டும். அந்தக் கணக்குக்குள் சுகாதாரத்துக்குத் திடீரென்று கூடுதல் பணம் வரப்போவதில்லை. ஆகவே என் முன்மொழிவு: ஓபிடிக்கு (வெளிநோயாளர் பிரிவுக்கு) 100 ரூபாய், கிளினிக்குக்கு மாதம் 200. அஸ்வெசும என்ற அரச நிவாரணக் கொடுப்பனவு பெறுவோர், ஐந்து வயதுக்குக் கீழானோர், கர்ப்பிணிகள், எழுபது தாண்டியோர், காசநோய், மனநோய், புற்றுநோய்க்காரர் கட்டத் தேவையில்லை. சேரும் காசு அந்த வைத்தியசாலையிலேயே நின்று, இல்லாத மருந்தை உள்ளூரில் வாங்கப் பயன்பட வேண்டும்.

மறுப்பவர்கள் "இலவச சுகாதாரம் எங்கள் உரிமை" என்று மட்டும் எழுதாமல் கணக்கோடு வாருங்கள்.

திரட்டுநிதி

கணக்கோடுதானே? வருகிறேன்.

நாளுக்கு 500 பேர் வரும் ஒரு ஆதார வைத்தியசாலையை (நடுத்தர அளவிலான அரச வைத்தியசாலை) எடுங்கள். மாதம் 25 நாள் என்றால் 12,500 வருகை, 100 ரூபாய்ப்படி 12.5 இலட்சம். நீங்கள் சொன்ன விலக்குப் பட்டியலைப் போட்டுப் பாருங்கள். ஓபிடி வாங்கில் இருப்பவர்களில் கிழவர்கள், பிள்ளைகள், அஸ்வெசுமக்காரர் போனால் பாதிதான் மிஞ்சும் என்று வைத்துக்கொள்வோம். 6.25 இலட்சம்.

இனி அதை வாங்குகிற செலவு. கூட்டம் காலை 8 மணியிலிருந்து 12 மணிக்குள்தான் வரும். 240 நிமிடத்தில் 500 பேர். அடையாள அட்டை பார்த்து, விலக்கா இல்லையா என்று தீர்மானித்து, சீட்டு வெட்டி, மீதிச் சில்லறை கொடுக்க ஆளுக்கு ஒரு நிமிடம் என்றாலும் இரண்டு யன்னல் போதாது, மூன்று வேண்டும். மூன்று எழுதுவினைஞர், சம்பளமும் படியும் சேர்த்துக் குறைந்தது இரண்டு இலட்சம். சீட்டுப் புத்தகம், தினமும் வங்கியில் வைப்பு, கணக்காய்வு வேறு. நாலு இலட்சம் மிஞ்சினால் அதிர்ஷ்டம்.

அதுவும் வைத்தியசாலையில் நிற்காது. அரசுக்கு வரும் வருமானம் அரசியலமைப்பின் 149ஆம் உறுப்புரைப்படி திரட்டு நிதியத்துக்கு, அதாவது அரசின் பொதுக் கணக்குக்குப் போகும். மாகாண சபைக்குக் கீழான வைத்தியசாலை என்றால் மாகாண நிதியத்துக்கு. "அங்கேயே நிற்க வேண்டும்" என்று நீங்கள் ஒரு வரியில் எழுதியதற்குச் சட்டம் மாற வேண்டும். ஸ்ரீ ஜயவர்தனபுர வைத்தியசாலை கட்டணம் வாங்குகிறது, தன் கையில் வைத்தும் கொள்கிறது. ஏனென்றால் அதற்குத் தனியான சட்டமும் பணிப்பாளர் சபையும் இருக்கின்றன. அப்படியிருந்தும் திறைசேரி மானியம் இல்லாமல் அது ஓடுவதில்லை.

நுணாமரம்

இந்தப் பரிசோதனையை நாடு ஏற்கெனவே ஒருமுறை செய்து முடித்துவிட்டது, கல்மடு அண்ணை. 1971இல் வெளிநோயாளருக்கு 25 சதம் போட்டார்கள். அந்தக் காலத்திலும் பெரிய காசு இல்லை. வருகை உடனே விழுந்தது. 1977இல் எடுத்துவிட்டார்கள்.

கிரேக்கத்தில் கடன் நெருக்கடி நேரம் 2011இல் ஓபிடிக் கட்டணத்தை 5 யூரோ ஆக்கி 2015இல் நீக்கினார்கள். 2014 ஜனவரியில் வார்டில் படுப்பதற்கு 25 யூரோ என்றார்கள். சில நாள்களிலேயே பின்வாங்கி, அந்தப் பணத்தை சிகரெட் வரியில் எடுப்பதாகச் சொன்னார்கள். அந்த மாற்று யோசனைதான் எனக்குப் பிடித்தது. வருத்தக்காரரிடம் வாங்காமல் வருத்தத்தை உண்டாக்குகிற சாமானில் வாங்குவது.

கல்மடு

வருகை விழுந்தது என்கிறீர்கள். விழுந்தவர்களில் சளிக்கும் "ஒரு போத்தல் சிரப் தாங்கோ" என்பதற்கும் வந்தவர்கள் எத்தனை பேர்? அவர்கள் குறைந்தால் டொக்டருக்கு ஒரு நோயாளியோடு இரண்டு நிமிடம் கூடக் கிடைக்கும். அதை ஏன் நட்டமாக எழுதுகிறீர்கள்?

நுணாமரம்

சளிக்காரர் நிற்பார், பிரஷர்காரர்தான் நிற்கமாட்டார். அதுதான் சிக்கல்.

சளி வந்தவருக்கு உடம்பு நோகிறது, நூறு ரூபாயும் கொடுத்து வருவார். 160/100 பிரஷரோடு இருப்பவருக்கு ஒரு நோவும் இல்லை. பஸ் காசோடு இன்னும் 200 என்றால் "இந்த மாதம் விடுவம்" என்பார். அடுத்த மாதமும் விடுவார். நாலு வருடத்தில் பக்கவாதம், இல்லாவிட்டால் சிறுநீரகம். சிறுநீரகம் போனால் என்ன செலவு என்று பொருளாகவே பாருங்கள்: ஒரு முறை இரத்தச் சுத்திகரிப்பு நாலு மணித்தியாலம், நிமிடத்துக்கு 500 மில்லிலீற்றர் டயலிசேட் (சுத்திகரிப்புத் திரவம்), மொத்தம் 120 லீற்றர் சுத்திகரித்த நீர். கிழமைக்கு மூன்று என்றால் வருடத்துக்கு 156 தடவை. ஒவ்வொன்றுக்கும் வடிகட்டி, குழாய்த்தொகுதி, ஊசி, ஹெபரின். எல்லாம் டொலர் சாமான். இவ்வளவையும் தள்ளிப்போடுகிற மருந்து நாளுக்கு இரண்டு பிரஷர் மாத்திரை: ஓர் அம்லோடிபின், ஒரு லோசார்ட்டன். கிளினிக் யன்னலில் காசு கேட்பது விதை நெல்லில் கைவைப்பது மாதிரி.

பெட்டகம்

இரண்டு பக்கமும் ரூபாயைப் பற்றிப் பேசுகிறீர்கள். 2022 நெருக்கடியில் மருந்துத் தட்டுகள் காலியானதற்கு ரூபாய் காரணமில்லை. நாட்டின் மருந்தில் எண்பது வீதத்துக்கு மேல் இறக்குமதி. மார்ச்சுக்கு முதல் 200 ரூபாயளவில் நின்ற டொலர் மே மாதம் 360. அதைவிட மோசம், வங்கியில் டொலரே இல்லை, எல்.சி. (இறக்குமதிக்கு வங்கி கொடுக்கும் உத்தரவாதக் கடிதம்) திறக்க முடியவில்லை. ஏப்ரல் 12இல் வெளிநாட்டுக் கடனைக் கட்ட முடியாது என்று அறிவித்த பிறகு, பழைய பாக்கி வராத வழங்குநர் புதிய கேள்விப்பத்திரத்துக்கு (டெண்டருக்கு) விலையே போடவில்லை. ஓபிடியில் சேர்ந்த நூறு ரூபாய்த் தாளை வைத்து அன்றைக்கு ஒரு குப்பி இன்சுலின் இறக்கியிருக்க முடியாது. அந்த மாதங்களைத் தாண்டவைத்தது இந்தியக் கடன் வசதியும், உலக வங்கி வேறு திட்டங்களிலிருந்து திருப்பிவிட்ட பணமும், நன்கொடைகளும்.

டொலர் வந்த பிறகும் ஏன் தட்டுப்பாடு என்று அடுத்து கேட்பீர்கள். அதற்குப் பெரிய காரணம் ஒன்று யார் கண்ணிலும் படாமல் கிடக்கிறது: மதிப்பீட்டுப் படிவம்.

ஒவ்வொரு வைத்தியசாலையும் அடுத்த ஆண்டுக்கான தேவையை மருத்துவ வழங்கல் பிரிவுக்கு முன்கூட்டியே அனுப்ப வேண்டும். கேள்விப்பத்திரம், மதிப்பீட்டுக் குழு, கட்டளை, கப்பல் எல்லாம் சேர்ந்து ஏறக்குறைய ஒரு வருடம் தின்னும். பலர் செய்வது, போன முறை கொடுத்த அளவைப் பார்த்து அப்படியே எழுதுவது. எங்கே பிழைக்கிறது என்று பாருங்கள். லோசார்ட்டன் 50 மி.கி., ஆறு மாதத்தில் 90,000 மாத்திரை கொடுத்திருக்கிறார்கள். ஆறால் வகுத்தால் மாதம் 15,000, வருடத்துக்கு 1,80,000. ஆனால் அந்த ஆறில் இரண்டு மாதம் மருந்தே இருக்கவில்லை. 90,000 போனது நாலு மாதத்தில். உண்மையான தேவை மாதம் 22,500, வருடத்துக்கு 2,70,000. 1,80,000 எழுதினவரின் தட்டு ஓகஸ்ட் முடிவில் துடைத்தெடுத்த மாதிரி இருக்கும். செப்டெம்பரிலிருந்து துண்டு எழுத வேண்டியதுதான். அடுத்த வருடம் "போன வருடம் 1,80,000தானே போனது" என்று மறுபடியும் அதையே எழுதுவார். தட்டுப்பாடு தன்னைத்தானே படி எடுத்துக்கொள்கிறது.

சரியான வழி எளிது. கொடுத்த அளவை, மருந்து கையிருப்பில் இருந்த மாதங்களால் மட்டும் வகுக்க வேண்டும். நாள் கணக்கில் செய்தால் இன்னும் துல்லியம். இதற்கு ஐ.எம்.எஃப். கையெழுத்துத் தேவையில்லை, ஒரு கல்குலேட்டர் போதும்.

கல்மடு

ஒத்துக்கொள்கிறேன், அந்த வகுத்தல் எனக்குத் தெரியாது. ஆனால் சரியாக 2,70,000 என்று எழுதிய பிறகு கொழும்பு "வரவுசெலவில் இடமில்லை, முக்கால்வாசிதான்" என்றால்? எதைக் குறைப்பது? அந்தக் கேள்வி கல்குலேட்டரில் தீராது.

பெட்டகம்

தீரும், அரைவாசி.

பட்டியலை இரண்டு விதமாகப் பிரிக்க வேண்டும். ஒன்று பணத்தால். எந்த வைத்தியசாலையிலும் சுமார் ஐந்தில் ஒரு பங்கு உருப்படிகள் முக்கால்வாசிப் பணத்தை விழுங்கும். மற்றது உயிரால்: இல்லாவிட்டால் ஆள் சாகும், இல்லாவிட்டால் நோய் முற்றும், இல்லாவிட்டாலும் ஒன்றும் ஆகாது. இரண்டையும் ஒரே தாளில் போட்டால், அதிகப் பணம் தின்கிற ஆனால் இல்லாவிட்டாலும் பரவாயில்லை என்ற மூலையில் சில பெயர் நிற்கும். வெட்டு முதலில் அங்கே. அட்ரினலின், ஒக்சிடோசின், மக்னீசியம் சல்பேட், சாதாரண இன்சுலின் எல்லாம் மலிவானவை. அவற்றில் பத்து வீதம் வெட்டி மிச்சம் பிடிப்பவரை நான் கணக்கரென்று ஒத்துக்கொள்ளமாட்டேன்.

வார்டில் மிச்சம் பிடிக்க: வாயால் விழுங்கக்கூடியவருக்கு நரம்பு வழியாகப் பரசிட்டமோல் ஏன்? ஒரு கிராம் போத்தலும் 500 மி.கி. மாத்திரை இரண்டும் ஒரே அளவு மருந்துதான். ஒமெப்ரசோல் ஊசியும் அப்படியே. நுண்ணுயிர்க்கொல்லி ஊசியை 48 மணித்தியாலத்தில் மறுபரிசீலனை செய்து மாத்திரைக்கு மாற்றினால் மருந்தோடு கனியுலா, சிரிஞ்ச், சேலைன், தாதியின் நேரம் எல்லாம் மிஞ்சும். நோயாளியும் நேரத்தோடு வீட்டுக்குப் போவார்.

செய்யக்கூடாதது ஒன்று. தட்டுப்பாடு வந்ததும் பல இடத்தில் ஒரு மாத மருந்தை இரண்டு கிழமையாக்குவார்கள். ஒரு மாத்திரை கூட மிஞ்சாது. அதே நோயாளி மாதம் இரண்டு தடவை வருவார், வரிசை இரட்டிப்பு, மருந்தாளரின் வேலை இரட்டிப்பு, பஸ் காசு இரட்டிப்பு. கையிருப்பு உள்ள மருந்தை நிலையான நோயாளிக்கு இரண்டு மாதத்துக்குக் கொடுத்து அனுப்புவதுதான் வழி. 2020 ஊரடங்கில் கிளினிக் மருந்தைத் தபாலில் வீட்டுக்கே அனுப்பின நாடு இது.

பட்டியலைச் சுருக்குவதும் புதுக்கதை இல்லை. மருந்தியல் பேராசிரியர் சேனக பிபிலே 1970களின் தொடக்கத்தில் செய்தது அதுதான்: தேவையான மருந்து மட்டும், வணிகப் பெயரில் அல்லாமல் பொதுப்பெயரில், ஒரே இடத்திலிருந்து கேள்விப்பத்திரம். அரச மருந்தாக்கல் கூட்டுத்தாபனம் அப்படித்தான் பிறந்தது.

திரட்டுநிதி

பெட்டகம் சொன்னதோடு ஒன்று. கல்மடுவின் திட்டத்தில் "உள்ளூரில் வாங்குவது" என்று இருக்கிறதே, ஆகக் கூடிய விலைக்கு வாங்குகிற முறை அதுதான். ஒரு வைத்தியசாலை 500 குப்பிக்கு விலை கேட்டால் ஒரு விலை, நாடு முழுவதுக்கும் கேட்டால் வேறு விலை. அவசரம் என்ற சொல் கோப்பில் ஏறினதும் போட்டியும் போய்விடும், தரப் பரிசோதனையும் தளர்ந்துவிடும். பதிவு இல்லாத மருந்துக்குப் பதிவு விலக்குக் கொடுத்து இறக்கிய காலத்தில்தான் 2023இல் போலி இம்யுனோகுளோபுலின் (நோயெதிர்ப்புப் புரத ஊசி மருந்து) விவகாரம் வந்தது. அதில் முன்னாள் சுகாதார அமைச்சரே 2024 பெப்ரவரியில் கைதானார். நெருக்கடியில் விதி தளர்வது தவிர்க்க முடியாது என்றால், எந்த விதி தளரலாம், எது தளரக்கூடாது என்று முன்னரே எழுதி வைக்க வேண்டும். மூன்று விலைமனுவுக்குப் பதில் ஒன்று என்று தளரலாம். தொகுதிவாரியான பரிசோதனைச் சான்று தளரக்கூடாது.

கிழக்குக்காற்று

மருந்தை விட்டுக் கட்டடத்துக்கு வருவோமா? உண்மையான வீண்செலவு அங்கேதான். இருபது கட்டில் கொண்ட சின்னப் பிரதேச வைத்தியசாலை, இரவில் நாலு நோயாளி. அதற்கு டொக்டர், தாதி, சிற்றூழியர், மின்சாரம், ஜெனரேட்டர். மக்களோ அதைத் தாண்டிப் போதனா வைத்தியசாலைக்குப் பரசிட்டமோல் வாங்கப் போகிறார்கள். இப்படியான இடங்களில் இரவு வார்டை மூடி, பகலில் ஓபிடி, கிளினிக், காயம் கட்டுதல் மட்டும் வைத்தால் ஆள்களைப் பெரிய இடத்துக்கு மாற்றலாம். கட்டணமும் வேண்டாம், பட்டியலும் வெட்ட வேண்டாம்.

நுணாமரம்

இரவு பதினொரு மணிக்கு வயலில் புடையன் பாம்பு கடித்தால்?

கிழக்குக்காற்று

1990 என்ற ஆம்புலன்ஸ் எண்ணுக்கு அடிப்பது. 2016இல் மேல், தென் மாகாணங்களில் தொடங்கிய சுவசெரிய ஆம்புலன்ஸ் சேவை இப்போது எல்லா மாகாணத்திலும் ஓடுகிறது. சின்ன இடத்தில் விஷமுறிவு மருந்தை வைத்துக் காலாவதியாக விடுவதைவிட, ஆதார வைத்தியசாலையில் குவித்து ஆளை அங்கே கொண்டுபோவது மேல். அந்த மருந்துக்கு ஒவ்வாமை இலங்கையில் சாதாரணம். முன்கூட்டியே 1:1000 அட்ரினலின் 0.25 மில்லிலீற்றர் தோலுக்கடியில் போட்டு, பக்கத்தில் நின்று பார்க்க ஆள் வேண்டும். தனி டொக்டர் இருக்கிற சின்ன இடத்தில் அதைச் செய்யச் சொல்வது அவருக்கும் அநியாயம்.

நுணாமரம்

குவிப்பது சரி. ஆனால் மூடினால் இன்னொன்று போய்விடும். கடிபட்டவரிடமிருந்து 2 மில்லிலீற்றர் இரத்தம் எடுத்துச் சுத்தமான, காய்ந்த, புதிய கண்ணாடிக் குழாயில் விட்டு 20 நிமிடம் அசைக்காமல் வைத்துச் சரித்துப் பார்ப்பது. உறையாவிட்டால் விஷம் ஏறியிருக்கிறது. இதைவிட மலிவான பரிசோதனை மருத்துவத்தில் கிடையாது. சவர்க்காரம் போட்டுக் கழுவின குழாயோ பிளாஸ்ரிக் குழாயோ என்றால் பிழையான முடிவு வரும், அவ்வளவுதான் நிபந்தனை. இந்த இருபது நிமிடத்தையும் தொடர்ந்த அவதானிப்பையும் சின்ன வைத்தியசாலை இரவில் செய்தால், சும்மா கடிபட்ட எல்லாரையும் ஆம்புலன்சில் ஏற்ற வேண்டியதில்லை. இங்கே அதிகம் கடிக்கிற குழிமூக்கு விரியனுக்கு இந்திய விஷமுறிவு மருந்து வேலையே செய்யாது. அதற்கும் குப்பி உடைத்துக் கொட்டுவதுதான் நிஜமான வீண்செலவு, நாலு நோயாளிக்கு எரிகிற வார்டு விளக்கு இல்லை.

கிழக்குக்காற்று

வார்டு விளக்கு மட்டுமா? ஜெனரேட்டரைப் பாருங்கள். 100 கேவிஏ ஒன்று முக்கால் சுமையில் மணித்தியாலத்துக்கு 16 லீற்றர் அளவு டீசல் குடிக்கும். 2022 மார்ச் கடைசியில் 13 மணித்தியாலம் மின்வெட்டு. கணக்குப் போட்டால் ஒரு நாளைக்கு 200 லீற்றர் தாண்டும். இரவில் நாலு விளக்குக்கும் ஒரு தடுப்பூசிக் குளிரூட்டிக்கும் அதே பெரிய இயந்திரத்தை ஓட்டினால் டீசல் கொஞ்சம் குறையும், ஆனால் முப்பது வீதத்துக்குக் கீழான சுமையில் தொடர்ந்து ஓடுகிற எஞ்சினில் எரியாத எண்ணெயும் கரியும் படிந்து விரைவில் பழுதாகும்.

பெட்டகம்

அதற்கு வார்டை மூட வேண்டாம், சின்ன ஜெனரேட்டர் ஒன்று போதும். அல்லது குளிரூட்டிக்கும் பிரசவ அறைக்கும் மட்டும் சூரிய மின்கலம். ஒக்சிடோசினும் இன்சுலினும் 2இலிருந்து 8 பாகைக்குள் இருக்க வேண்டியவை. அவை கெட்டால் எல்லாம் போச்சு.

திரட்டுநிதி

ஆள்களை மாற்றலாம் என்று சொன்னீர்கள். மாற்ற ஆள் எங்கே? 2022 ஜூனில் வந்த 14/2022 சுற்றறிக்கை அரச ஊழியருக்குச் சம்பளமில்லாமல் ஐந்து வருடம் வரை லீவு கொடுத்து, வெளிநாடு போய் உழைத்து அனுப்பச் சொன்னது. திறைசேரிக்குச் சம்பளம் மிச்சம், டொலரும் வரும் என்ற எண்ணம். யார் போனார்கள்? வெளியில் கேள்வி உள்ளவர்கள். மயக்க மருந்து வைத்தியர் போனால் சத்திரசிகிச்சைக் கூடமே பூட்டு. எழுதுவினைஞர் பத்துப் பேர் மிஞ்சி என்ன செய்வது? ஆள் குறைப்பை எல்லாருக்கும் ஒரே கதவு திறந்து செய்தால், முதலில் போவது உனக்கு வேண்டிய ஆள்தான்.

பிறகு 2024 ஜனவரியில் டொக்டர்களின் படியை 35,000இலிருந்து 70,000 ஆக்கினார்கள். மற்றச் சுகாதார ஊழியர் "எங்களுக்கும்" என்று வேலைநிறுத்தம். ஒரே அறையில் வேலை செய்கிறவர்களில் ஒருவருக்கு மட்டும் கூட்டினால் மற்றவர் சும்மா இருக்கமாட்டார் என்பது தெரியாத விஷயமா?

இன்னொன்று. ஐ.எம்.எஃப். திட்டத்தில் சமூகச் செலவுக்கு ஒரு குறைந்தபட்ச எல்லை இருக்கிறது என்று ஆறுதல் சொல்பவர்கள் அதைப் படித்துப் பார்க்கட்டும். அது நிவாரணக் கொடுப்பனவுகளுக்கான எல்லை, வைத்தியசாலை மருந்துக்கானது அல்ல.

கல்மடு

சரி, ஓபிடி நூறு ரூபாயையும் கிளினிக் இருநூறையும் கைவிடுகிறேன். திரட்டுநிதியின் மூன்று யன்னலும் நுணாமரத்தின் பிரஷர்காரரும் போதும். கட்டணம் செலுத்தும் வார்டும் மாலைநேரத் தனிக் கிளினிக்கும் மட்டும் வேறு விஷயம். விரும்பி வருகிறவரிடம் வாங்குவதில் பிழையில்லை.

ஆனால் நான் முதல் எழுதியதற்கு ஒருவரும் பதில் சொல்லவில்லை. "வெளியில வாங்குங்கோ" துண்டு. இன்றைக்கும் அது எழுதப்படுகிறது. அதை என்ன செய்யப்போகிறோம்?

பெட்டகம்

அந்தத் துண்டைத் தூக்கி எறியாமல் எண்ண வேண்டும். இரண்டு பிரதி, இடையில் கார்பன். மேல்தாள் நோயாளிக்கு, கீழ்த்தாள் மருந்தகத்துக்கு. மருந்தின் பொதுப்பெயர், மி.கி., எத்தனை மாத்திரை, திகதி, இவ்வளவு போதும், நோயாளியின் பெயர் வேண்டாம். மாத முடிவில் மருந்துவாரியாகக் கூட்டினால் கொடுக்காமல் விட்ட அளவு வரும். அதையும் கொடுத்த அளவையும் சேர்த்தால் மேலே சொன்ன வகுத்தல் கூடத் தேவையில்லை, உண்மைத் தேவை நேராகவே கையில் இருக்கும். கூட்டுத்தொகையைத் திங்கட்கிழமை ஓபிடி வாசலில் ஒட்டினால் இன்னும் நல்லது, ஒட்ட விடமாட்டார்கள் என்பது வேறு.

ஓர் ஓட்டை மட்டும் உண்டு. மருந்து இல்லை என்று தெரிந்த டொக்டர் அதை எழுதுவதையே விட்டுவிட்டு வேறொன்றை எழுதுவார். அந்தத் தேவை துண்டில் விழாது. ஆகவே மாற்று மருந்து எழுதினாலும் முதலில் எழுத நினைத்ததைத் துண்டில் குறிக்கச் சொல்ல வேண்டும்.

திரட்டுநிதி

யார் எழுதுவது? மருந்தாளருக்கு ஒரு நோயாளிக்குக் கிடைப்பது ஒரு நிமிடம் என்று நீங்களே கணக்குக் காட்டுவீர்கள்.

பெட்டகம்

துண்டை இப்போதும் எழுதத்தானே செய்கிறார். கூடுவது கார்பன் தாள் ஒன்றுதான்.

திரட்டுநிதி

2022இல் கடதாசி இல்லாமல் மேல் மாகாணப் பாடசாலைப் பரீட்சையே தள்ளிப்போன நாடு. கார்பன் தாளை எந்தத் தலைப்பில் வாங்குகிறீர்கள் என்று கணக்காய்வு கேட்கும். எழுதுகருவி என்றே போடுங்கள், மருத்துவ வழங்கல் என்று போட்டால் கேள்விப்பத்திரம் கேட்பார்கள்.